உடம்பில் இருந்ததெல்லாம்

போன வருஷம் தை மாதம் யசோதாவின் கழுத்திலிருந்து கெம்பு அட்டிகையைக் கழற்றியபோது அதன் உள்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, சிவப்புக் கற்கள் அசைகின்றனவா என்று நகத்தால் தொட்டுப் பார்த்தேன். கொக்கியை மாட்டிக் கழற்றிப் பார்த்தேன். வெளியே கூடத்திலிருந்து நைனா, "கெம்பு அட்டிகை, பதக்கத்தோட?" என்று குரல் கொடுத்தார். "கீது நைனா" என்றேன். "கல்லு?" "எல்லாம் கீது." அவ்வளவுதான் என் வேலை. யசோதா கழுத்தைத் தடவிக்கொண்டு, "சீக்கிரம் மாட்டுடி, வெறுங்கழுத்தா பாத்தா அத்த கத்துவாங்க" என்றாள். நான் வேண்டுமென்றே மெதுவாக மாட்டினேன். கொக்கி விழவில்லை என்று பொய் சொல்லி, இன்னும் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தேன்.

என் நைனா கிருபானந்தம் மதராஸ் கம்பெனி ஒன்றுக்கு சித்தூரில் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. ஆயுள் இன்சூரன்ஸ் சர்க்கார் கைக்குப் போன பிறகு நெருப்பு, திருட்டு, கார், நகை என்று மிஞ்சியதை வைத்துக்கொண்டு பெரிய வீடுகளாகப் பார்த்துப் போய்வந்தார். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அது எந்த மூலையிலிருந்து எரியும் என்பதுதான் அவர் கண்ணில் முதலில் படும். பிண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவே கையை விட்டுச் சூடு பார்ப்பார். கார் டிரைவர் எங்கே நின்று பீடி குடிக்கிறான் என்று விசாரிப்பார். வைக்கோல் போரைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்பார். நகையை மட்டும் அவரால் பார்க்க முடியாது. பெண்கள் அறைக்குள் அந்நிய ஆண் போக முடியாது. வேலைக்காரர்கள் வந்துபோகும் கூடத்தில் நகையைப் பரப்பவும் அந்த வீட்டுக்காரர்கள் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் அவர் கூடத்தில் உட்கார்ந்து வரிசையாகப் பெயர் சொல்வார். நான் உள்ளே பார்த்துப் பதில் சொல்வேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் சபையில் நகை போடும் வழக்கம் இல்லை. அம்மாவுக்கு ஒரு மோதிரம், அதோடு சரி. எனக்குக் காதுகூடக் குத்தவில்லை. பெரிய வீடுகளில் என்னை நம்பி உள்ளே விட்டதும் அதனால்தான். "காதுகூட குத்தாத பொண்ணு. அதுக்கு இன்னா ஆச இருக்கப்போவுது?" என்பாள் ரங்கையாவின் மனைவி கமலம்மா. ரங்கையாவுக்குச் சொந்தமாகக் கடலை எண்ணெய் மில் இருந்தது. கமலம்மா வீட்டில் தீ, திருட்டு, சாவு என்ற வார்த்தைகளைச் சொல்லக் கூடாது. நைனா பாவம், "வேண்டாதது ஒண்ணு நடந்துச்சுன்னு வைங்க" என்றே மொத்த இன்சூரன்ஸையும் பேசி முடிப்பார். நகையைக் கழற்றித் துணிமேல் பரப்பினால் இழவு வீடு போல இருக்கும் என்று கமலம்மா சொல்லிவிட்டதால், நாங்கள் போகிற நாளில் மருமகள் யசோதா எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். நான் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து உடனே திருப்பி மாட்டிவிட வேண்டும்.

யசோதாவும் நானும் மிஷன் ஸ்கூலில் ஒரே பெஞ்சு. அவள் புத்தூர்ப் பக்கத்துப் பெண், சித்தூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்தாள். என் கணக்கைப் பார்த்துத்தான் எழுதுவாள். ஆந்திரா தனி ராஜ்யமான பிறகு எங்கள் ஸ்கூலில் தமிழ் வகுப்புகள் ஒவ்வொன்றாக மெலிந்தன. ஒரு நாள் சரித்திரப் பாடத்தைத் தெலுங்கில் எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். நான் எழுந்து நின்றேன். வாய் திறக்கவில்லை. எனக்கு அடுத்து யசோதா எழுந்து தப்புத்தப்பாகப் படித்தாள். தன் தப்புக்குத் தானே சிரித்தாள், வகுப்பே அவளோடு சேர்ந்து சிரித்தது, டீச்சரும் சிரித்தார். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. அடுத்த வருஷம் அவளும் நின்றுவிட்டாள். ஆனால் நான் நின்றதை ஊரார் படிப்பு ஏறவில்லை என்றார்கள். அவள் நின்றதைக் கல்யாணம் என்றார்கள்.

அவள் அறையில் ஆள் உயரக் கண்ணாடி இருந்தது. நான் அதைப் பார்க்காமல் உட்காரப் பழகியிருந்தேன். ஒரு தடவை நான் அவள் மேல்கையிலிருந்து வங்கி நகையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் புருஷன் கோவர்த்தனன் கதவருகே வந்து நின்று, "சாவி எங்க வச்ச?" என்று கேட்டான். சாவி அவன் கையில்தான் இருந்தது. அவள் அதைச் சுட்டிக்காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் போன பிறகும் அவள் கையில் மயிர்க்கால்கள் நின்றிருந்தன. அன்று வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, அடுப்படியில் நின்றபடி தின்றேன்.

ஐப்பசியில் கோவர்த்தனனுக்கு டைபாய்டு வந்தது. வேலூரிலிருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனதாக நைனா சொன்னார். கமலம்மா திருப்பதி மலைக்கு வேண்டிக்கொண்டாள். மகன் பிழைத்தால் மருமகளை நிலுவு தோபிடிக்கு அழைத்து வருவதாக. அதாவது, சாமி முன்னால் நிற்கிற நேரத்தில் உடம்பில் என்னென்ன நகை இருக்கிறதோ அத்தனையையும் கழற்றி உண்டியலில் போட்டுவிட வேண்டும். அவன் பிழைத்தான். இந்த வருஷத் தையில் எல்லோரும் காரில் திருப்பதி போனார்கள். கீழே சத்திரத்தில் இறங்கி, மலை ஏறும் முன்னால் கமலம்மா யசோதாவின் தாலிச் சங்கிலி தவிர மற்ற நகைகளையெல்லாம் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அவளுக்கு ஒரு மெல்லிய சங்கிலியும் சின்னத் தோடும் மாட்டி அழைத்துப்போனாள். வசதியானவர்கள் பல பேர் அப்படித்தான் செய்வார்கள் என்று கேள்வி. பெட்டிக்குக் காவலாகச் சத்திரத்தில் இருந்தவள் செங்கம்மா, அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். ஊர் திரும்பிப் பெட்டியைத் திறந்தபோது கெம்பு அட்டிகை இல்லை.

ரங்கையா சொல்லியனுப்பி நைனாவும் நானும் போனோம். வழியெல்லாம் நைனாவுக்குத் திருத்தணிக் கவலைதான். வருகிற ஏப்ரலில் திருத்தணி மதராஸ் பக்கம் சேர்கிறது என்று முடிவாகிவிட்டது. அங்கே பட்டாசு வெடித்தார்கள். நைனா இருபது வருஷமாகப் போய்வந்த அந்த ஊர் வீடுகளை இனி வேலூர் ஏஜெண்டு பார்ப்பார் என்று கம்பெனி எழுதிவிட்டது. எங்களுக்கு மிஞ்சப்போகிற பெரிய வீடு ரங்கையா வீடு ஒன்றுதான்.

கூடத்தில் ரங்கையா சாய்வு நாற்காலியில் இருந்தார். "ஏமண்டி கிருபானந்தம், இத்தன வருஷமா கட்டிக்கினு வர்றோமே, இப்பதான் மொத மொதலா கேக்கறோம். குடுப்பாங்க இல்ல?"

"குடுப்பாங்க சார். ஆனா கம்பெனி ரூலு ஒண்ணு கீது. போலீஸ் கம்ப்ளெயிண்டு காப்பி வெக்கணும்."

"போலீசா? ஊடு நாறிப்போவும்யா."

"வேண்டாதது நடந்ததுக்கு அத்தாட்சி வேணும் சார். யார் மேல சந்தேகம்னு பேரு போட்டு எழுதினா கம்பெனி கேள்வி கேக்காது." நைனா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பிண்ணாக்கு மூட்டையைத் தள்ளி அடுக்குங்கள் என்று சொல்கிற அதே குரல்.

"பேருக்கு இன்னா பஞ்சம்? அந்த செங்கம்மா முண்டைதான். மில்லு கோணிக் கொட்டாயில போட்டு பூட்டிவச்சிக்கினு கீறோம். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போயிடச் சொல்றேன்."

மற்ற நகைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்றார் நைனா. நான் உள்ளே போனேன்.

யசோதா வழக்கம்போல எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்து மட்டும் காலி. தாலிச் சங்கிலியும் சாமிக்குப் போய்விட்டதால் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்திருந்தாள். அவள் கழுத்து இவ்வளவு மெல்லியது என்று எனக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"செங்கம்மா எடுக்கலடி."

"உனக்கு எப்பிடி தெரியும்?"

"நான்தான் உண்டியல்ல போட்டேன்."

நான் அவள் கையிலிருந்த வங்கியைக் கழற்றுவதை நிறுத்திவிட்டேன். அவள் வேகவேகமாக, கூடத்துக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "அத்த வேண்டிக்கினது ஒடம்புல இருக்கறதெல்லாம்னு. மலைக்குப் போற அன்னிக்கி பாத்து நூலு மாதிரி ஒரு சங்கிலி. சாமிக்குத் தெரியாதா? அவுரு நெருப்பா கொதிச்சிக்கினு கெடந்தப்ப நான்தான பக்கத்துல குந்திக்கினு இருந்தேன்? ஏமாத்திட்டோம்னு சாமி திரும்ப வந்து அவுர இட்டுக்கினு போயிட்டா? அத்த குளிக்கப் போன நேரத்துல சாவிய எடுத்து பெட்டியத் தொறந்து எடுத்து, கைக்குட்டையில முடிஞ்சி இடுப்புல சொருகிக்கினேன். ஒடம்புல இருந்ததுதான?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"இன்சூரன்ஸ் கீதேன்னு நெனச்சேன்." அவள் என்னை நம்பிக்கையோடு பார்த்தாள். கணக்கு நோட்டை என் பக்கம் நகர்த்துகிற பழைய பார்வை. "அட்டிகை போனா கம்பெனி குடுக்கும். அத்தைக்கும் நஷ்டம் இல்ல, சாமிக்கும் குடுத்தாச்சி. அதுக்குத்தான வருஷா வருஷம் உங்க நைனா வர்றாரு?"

"யாரோ எடுத்தாங்கன்னு எழுதினாதான் குடுப்பாங்க. எழுதணும்னா ஒரு பேரு வேணும்."

"இப்பதான தெரியுது. மூணு நாளா சொல்லணும் சொல்லணும்னு போறேன், நாக்கு எழும்பல. சொன்னா என்ன புத்தூருக்கு அனுப்பிடுவாங்கடி. அவுர உட்டுட்டு நான்..." அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொல்லிடாத. சத்தியம் பண்ணு."

"நாங்க சத்தியம் பண்ண மாட்டோம்" என்றேன். அது உண்மை. எங்கள் வீட்டில் சத்தியம் செய்யக் கூடாது. ஆனால் அந்த நேரத்தில் அதை நினைவுபடுத்திக்கொண்டதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

"நம்பர் ஒண்ணு, வங்கி ஒரு ஜோடி?" என்றார் நைனா வெளியிலிருந்து. "கீது நைனா." "ஒட்டியாணம்?" "கீது." என் வாய் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கை கழற்றி மாட்டிக்கொண்டிருந்தது. நான் அட்டிகையைப் பற்றி நினைக்கவில்லை. இத்தனை வருஷம் அதை நினைத்து நினைத்துத் தேய்த்தவள், அப்போது ஒரு கல்லைக்கூட நினைக்கவில்லை. அவள் இடுப்பில் முடிச்சோடு வரிசையில் நின்றது கண்ணுக்குத் தெரிந்தது. உண்டியல் துணிக்குள் கையை விட்டு விரல்களைத் திறந்தது தெரிந்தது. அப்படித் திறப்பதற்கு அவளுக்கு ஒரு ஆள் இருந்தான். போனால் போகட்டும் என்று கொடுக்க ஒரு பொருளும், கொடுத்தால் திரும்பி வரும் என்று நம்ப ஒரு கம்பெனியும் இருந்தன. என்னிடம் யாராவது உடம்பில் இருப்பதையெல்லாம் கொடு என்று கேட்டால் நான் எதைக் கழற்றுவேன்? அவள் ஒரே நகையைச் சாமிக்கும் கொடுத்து, கம்பெனியிடமும் வாங்கி, புருஷனையும் வைத்துக்கொள்ளப் போகிறாள். நான் வாய் மூடிக்கொண்டு அதற்கு உதவ வேண்டும். ஸ்கூலிலும் நான்தான் வாய் மூடினேன். கோணிக் கொட்டகையில் பூட்டப்பட்டிருந்த செங்கம்மாவும் என் நினைவில் வந்தாள் என்று எழுத ஆசைதான். வந்தாள். ஆனால் முதலில் வரவில்லை.

"ஜிமிக்கி?" "கீது நைனா." "நெத்திச்சுட்டி?" "கீது."

கூடத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு நைனா, முறைக்காகத்தான், குரலை இறக்கிக் கேட்டார். "கெம்பு அட்டிகை?"

அந்த வீட்டில் ஒரு பொருளை இல்லை என்று சொல்லக் கூடாது என்பதால் நான் பேசாமல் இருந்தாலே போதும். நைனா புரிந்துகொண்டு எழுதிவிடுவார். யசோதா என்னைப் பார்த்தாள். அவள் விரல்கள் மறுபடி என் மணிக்கட்டைப் பற்றின.

"மலையில கீது நைனா" என்றேன். என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. "சாமி உண்டியல்ல. யசோதாவே போட்டாளாம்."

முதலில் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. பிறகு ரங்கையா, "ஏமி? ஏமி செப்தா உந்தி ஆ பொண்ணு? இன்னா சொல்லுது?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்தினார். நான் யசோதாவின் முகத்தைப் பார்த்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழ வேண்டும் என்றும் விரும்பினேன். அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். முள் எடுத்த பிறகு குழந்தைகள் விடுவார்களே, அப்படி ஒரு மூச்சு. பிறகு என் மணிக்கட்டை விட்டாள்.

கமலம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மருமகள் எதிரில் நின்றாள். கை ஓங்கித்தான் இருந்தது, நான் பார்த்தேன். "நெஜமாடி?" என்றாள். யசோதா தலையசைத்தாள். கமலம்மாவின் பார்வை அந்த மஞ்சள் கயிற்றில் போய் நின்றது. அவள் என்ன யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நைனாவோடு சுற்றியதில் அந்த மாதிரி யோசனையை நான் அறிவேன். எங்கே தொட்டால் எது எரியும் என்று பார்க்கிற யோசனை. சங்கிலியை மாட்டிச் சாமியை ஏமாற்றப் பார்த்தது அவள். போட்டதைப் போச்சே என்று வாய்விட்டு அழுதால், கொடுத்ததைத் திரும்பக் கேட்டது போல ஆகிவிடும். மகன் பிழைத்து எழுந்து இன்னும் மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ஓங்கிய கை அப்படியே பக்கத்திலிருந்த குங்குமச் சிமிழுக்குப் போனது. யசோதாவின் நெற்றியில் அழுத்தி வைத்தாள். அழுத்திய வேகத்தில் குங்குமம் மூக்கில் கொட்டியது.

"எழுதிக்குங்க சாரே" என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். "அட்டிகைய சாமிக்குக் குடுத்துட்டோம். நாங்களாதான் குடுத்தோம். என் மருமவ குடுத்தா."

ரங்கையா நாற்காலியில் மறுபடி சாய்ந்துகொண்டு, "அப்ப இத்தன வருஷம் அதுக்குக் கட்டினது?" என்று கேட்டார்.

"அது இத்தன வருஷம் பத்திரமா இருந்ததுக்கு சார்" என்றார் நைனா. ரங்கையா சிரித்துவிட்டார். வேறு வழி அவருக்கும் இல்லை. நைனா அந்த வரியை அடித்துவிட்டு, மற்றதற்குப் புதுப்பிக்கும் கையெழுத்தை அங்கேயே வாங்கிக்கொண்டார். அந்த வீடு எங்களுக்குத் தங்கிவிட்டது. நான் வெளியே வந்தபோது என் தலையில் கை வைத்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதற்காகச் சொன்னேன் என்று நான் சொல்லியிருப்பேனா, தெரியாது.

சமையல்காரி மூலம் தெருவுக்குச் செய்தி போக எவ்வளவு நேரம்? நாங்கள் காப்பி குடித்து எழுந்திருப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் தாம்பாளத்தோடு வந்துவிட்டார்கள். "நம்ப தெருவுல யாரு குடுத்தாங்க இப்பிடி? அட்டிகையவே குடுத்துட்டாளாமே!" "புருஷன் உசிரு இல்ல? இவ கும்பிட்டுதான் எமன் திரும்பிப் போயிருக்கான்." எமன் என்ற வார்த்தையைக்கூடக் கமலம்மா அன்று தடுக்கவில்லை. யசோதாவை வாசல் பக்கத்து முற்றத்தில் பலகையில் உட்கார வைத்தார்கள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளையில்லாத ஒருத்தி அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நெற்றியில் சரிந்த குங்குமத்தோடு, வெறுங்கழுத்தோடு, அவள் அட்டிகை போட்டிருந்த எந்த நாளையும்விட அழகாக இருந்தாள். நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். என் வாயால்தான் அவளை அந்தப் பலகையில் உட்கார வைத்தேன்.

அப்போது மில் மேஸ்திரி செங்கம்மாவைக் கொண்டுவந்து விட்டான். அவள் யாரையும் பார்க்காமல் நேராக முற்றத்துக்கு வந்து, பெண்களை விலக்கிக்கொண்டு, யசோதாவின் காலில் விழுந்தாள். "நீ வாயத் தொறந்து சொன்னியே தாயீ. நீ சொல்லலன்னா என் கதி இன்னா ஆயிருக்கும்? நல்லா இருப்ப நீ. புள்ளைக்குட்டி பெத்து நல்லா இருப்ப." அழுகையில் மேலே வார்த்தை வரவில்லை. சுற்றி நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

யசோதா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அத்தனை தலைகளுக்கு மேலாக, நேராக. நான் சொல்லுவேனா என்று பார்த்தாள் போல. அல்லது, தான் சொல்லட்டுமா என்று கேட்டாள் போல. நான்தான் சொன்னேன் என்பது என் தொண்டைவரை வந்தது. நைனா குடையை எடுத்துக்கொண்டு, "போலாமா?" என்றார். நான் நகரவில்லை.

யசோதா பலகையிலிருந்து கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். செங்கம்மாவின் தலையெல்லாம் கோணிப் பிசிர். அவள் அழுதுகொண்டே கிடக்க, யசோதா அந்தப் பிசிர்களை அவள் முடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பெண்கள் தாம்பாளத்தோடு காத்து நின்றார்கள். எடுத்ததை எங்கே போடுவது என்று தெரியாமல், எல்லாவற்றையும் தன் இன்னொரு கைக்குள்ளேயே மூடி மூடி வைத்துக்கொண்டிருந்தாள்.